வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பண்டிகை, விடுமுறை பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் விமானச் சீட்டு, விசா எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், மகனையோ மகளையோ பார்க்க வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் முதலில் வருகின்றன. சீட்டின் விலைக்கு அடுத்தபடியாக அவர்கள் கேட்பது அங்குள்ள பண்டிகைகளையும் விடுமுறைகளையும் பற்றித்தான். பலர் போவது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு என்பதால் அந்நாட்டை முன்வைத்தே எழுதியிருக்கிறேன். பிற நாடுகள் வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன.

முஸ்லிம் நாடுன்னா எல்லா நாட்டுலயும் ஒரே லீவுதானே?

இல்லை. எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை என்று நம்பிச் சொல்லக்கூடியவை இரண்டு பெருநாள்கள் மட்டுமே. ரமலான் மாதம் முடிந்து ஷவ்வால் முதல் நாளில் வருவது நோன்புப் பெருநாள். துல்ஹஜ் மாதம் பத்தாம் நாளில் வருவது ஹஜ்ஜுப் பெருநாள். நம் நாட்காட்டியில் ரம்ஜான், பக்ரீத் என்று அச்சிடப்படுபவை இவைதாம். இவற்றுக்கும் எத்தனை நாள் விடுமுறை என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

அமீரகத்தில் இவ்விரண்டோடு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய அரஃபா நாள், இஸ்லாமிய ஆண்டின் தொடக்கமான ஹிஜ்ரி புத்தாண்டு, மீலாது நபி, ஜனவரி 1, தேசிய நாளான டிசம்பர் 2, 3 ஆகியவை பொது விடுமுறைகள். சவூதி அரேபியாவில் மீலாது நபிக்கும் ஹிஜ்ரி புத்தாண்டுக்கும் அரசு விடுமுறை கிடையாது. பெருநாள்களை விட்டால் நாடு தோன்றியதை நினைவுகூரும் பிப்ரவரி 22, தேசிய நாளான செப்டம்பர் 23 ஆகிய இரண்டுதான். பஹ்ரைனில் முஹர்ரம் ஒன்பதும் பத்தும் விடுமுறை. மலேசியாவில் தீபாவளி, சீனப் புத்தாண்டு, புத்தர் பிறந்த நாளான விசாகம், கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்கும் விடுமுறை உண்டு. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரிக்கு மட்டும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவதைப் போல, அங்கே தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக், ஜொகூர் போன்ற சில பகுதிகளில் மட்டும் விடுமுறை. ஆகவே "முஸ்லிம் நாடு" என்ற ஒரு சொல்லை வைத்துப் பயணத்தைத் திட்டமிட முடியாது. எந்த நாடு என்று கேட்டுக்கொண்டுதான் நானும் பதில் சொல்லத் தொடங்குவேன்.

ரம்ஜான் எந்தத் தேதின்னு இப்பவே சொல்லிட்டா டிக்கெட் போட்டுடலாம். சொல்ல முடியாதா?

ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைகள் ஆங்கிலத் தேதியில் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமலான் மாதம் தொடங்கும்.

நோன்பின் 29-ஆம் நாள் மாலை பிறை பார்க்கப்படும். தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு, அதற்கு அடுத்த நாள் பெருநாள். 2025-இல் அமீரகத்தில் மார்ச் 29 மாலையில்தான், மறுநாளே பெருநாள் என்பது உறுதியானது. நோன்பு 30 நாளாக நீண்டால் அந்த முப்பதாவது நாளையும் விடுமுறையோடு சேர்த்துக்கொள்வது அங்குள்ள விதி. ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தக் கடைசி நேரத் தவிப்பு இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்த பிறகு பத்தாம் நாளில்தான் பெருநாள் வருகிறது என்பதால் தேதி ஒன்பது, பத்து நாள் முன்பே தெரிந்துவிடும்.

சீட்டு எடுக்கும்போது பெருநாளாக எதிர்பார்க்கப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அங்கே இறங்கிவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தியும் உண்டு. பெருநாளுக்கு முன்பு வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் திசையில்தான் கூட்டமும் விலையும் ஏறும். பெருநாள் முடிந்ததும் அது திரும்பும். நீங்கள் எதிர்த்திசையில் போகிறவர் என்பதால், கோயம்புத்தூரிலிருந்தோ கூடலூர்க்காரர்களுக்குப் பக்கமான, கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரிலிருந்தோ ஓரளவு நல்ல விலையில் சீட்டு கிடைக்க வாய்ப்புண்டு. திரும்பி வரும் தேதியைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மத்த லீவு நாளாவது தேதி மாறாம இருக்குமா?

ஆங்கிலத் தேதியில் வருபவை மாறாதவை என்றாலும் அவற்றையும் அரசு நகர்த்தக்கூடும். வார நடுவில் விழும் விடுமுறையை வாரத்தின் தொடக்கத்துக்கோ இறுதிக்கோ மாற்ற அமீரக அமைச்சரவைக்கு அதிகாரம் உண்டு. 2025-இல் ஹிஜ்ரி புத்தாண்டு ஜூன் 26, வியாழக்கிழமை வந்தது. விடுமுறையோ மறுநாள் வெள்ளிக்கிழமை விடப்பட்டது. ஓமன் தன் தேசிய நாளையே நவம்பர் 18-இலிருந்து நவம்பர் 20-க்கு மாற்றிவிட்டது. எனவே சென்ற ஆண்டு அச்சான நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு வராதீர்கள்.

வாராந்திர லீவு வெள்ளியா, ஞாயிறா?

அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு அரை நாள். அதே நாட்டுக்குள் இருக்கும் ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. சவூதி, ஓமன், கத்தார், குவைத், மாலத்தீவு ஆகியவற்றில் வெள்ளியும் சனியும். மலேசியாவில் கெடா, கிளாந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி. மற்ற மாநிலங்களில் சனி, ஞாயிறு.

எங்கே போனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேளையில் சிறு கடைகள் பூட்டியிருக்கும், பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

நோன்பு மாசத்துல போறது நல்லதா, தள்ளிப் போடட்டுமா?

இந்தக் கேள்விக்குப் பலரும் யோசிக்காமல் "தள்ளிப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பாலைவன வண்டிச் சவாரி, படகு விருந்து, பகல் முழுக்க ஊர் சுற்றல் என்று ஐந்து நாள் திட்டத்தோடு போகிறவர் ரமலானைத் தவிர்ப்பது நல்லது. பகலில் ஊர் மந்தமாக இருக்கும், இசை நிகழ்ச்சிகள் குறையும், அரசு அலுவலக நேரம் சுருங்கும். பிள்ளையின் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறவருக்கோ அதைவிட நல்ல மாதம் கிடையாது என்பேன். தனியார் நிறுவனங்களிலும் மத வேறுபாடின்றி எல்லா ஊழியர்களுக்கும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலை குறைக்கப்படுவதால், மற்ற மாதங்களில் இருட்டிய பிறகு வீடு திரும்பும் மகன் பொழுதோடு வந்துவிடுவார்.

மாலையில் சூரியன் மறையும் நேரத்தை ஒரு முறையாவது வெளியில் இருந்து பார்க்க வேண்டும். துபாயிலும் ஷார்ஜாவிலும் குறிப்பிட்ட இடங்களில் பீரங்கி முழங்கி நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிப்பார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே பள்ளிவாசல்களை ஒட்டிய கூடாரங்களில் நீளமான பாய் விரித்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, பேரீச்சம்பழம், மோர், பழம், ஒரு பொட்டலம் பிரியாணி என்று வரிசையாக வைத்திருப்பார்கள். கட்டுமான வேலையாளும் அலுவலக மேலாளரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பெயரோ மதமோ கேட்பதில்லை. துபாயின் தேராப் பகுதியில் தமிழ் முஸ்லிம்கள் பெரிய அண்டாக்களில் நம்மூர் நோன்புக் கஞ்சியே காய்ச்சிக் கொடுக்கிறார்கள். ஊட்டிப் பள்ளிவாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்று கஞ்சி வாங்கிப் பழகியவருக்கு அந்த வரிசை அந்நியமாகத் தெரியாது.

இரவில் ஊர் விழித்துக்கொள்ளும். ரமலான் இரவுகளில் நடக்கும் தராவீஹ் தொழுகை முடிந்ததும் கடைவீதிகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பெருநாள் துணி வாங்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கடைசிப் பத்து நாள்களில் போங்கள். மாலையில் சாலையில் இருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நோன்பு திறப்பதற்குள் வீடு சேரும் அவசரத்தில் எல்லோரும் வண்டியை விரட்டும் நேரம் அது.

பகல்ல தண்ணி குடிச்சா போலீஸ் பிடிச்சுக்குமாமே? எனக்குச் சர்க்கரை இருக்கு.

உண்பதற்குத் தடை இல்லை. நோன்பு நேரத்தில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும்தான் தவிர்க்கப்பட வேண்டியவை. சூயிங்கம் மெல்லுவதும் அதில் சேரும். வீட்டுக்குள், விடுதி அறைக்குள், திறந்திருக்கும் உணவகத்துக்குள் தாராளமாகச் சாப்பிடலாம். துபாயில் 2021 முதல் உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஷார்ஜாவில் பகலில் உணவு வழங்க நகராட்சியின் தனி அனுமதி தேவை என்பதால் திறந்திருக்கும் கடைகள் குறைவு. குவைத்தில் பொது இடத்தில் உண்பதற்கு அபராதமோ சிறையோ விதிக்கச் சட்டமே இருக்கிறது. சவூதியிலும் ஓமனிலும் அதே கவனம் வேண்டும்.

நோயாளிகள், முதியோர், கர்ப்பிணிகள், பயணிகள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு நோன்பிலிருந்தே சலுகை உண்டு என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை குறைந்து மயக்கம் வருவது போலிருந்தால் தயங்காமல் ஒரு ஓரமாக நின்று மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நம் மலைக்குளிருக்குப் பழகிய உடம்புக்கு அங்குள்ள வெயிலில் தாகம் எப்போது ஏறுகிறது என்று தெரியாது. எனவே வெளியே கிளம்புமுன் வீட்டிலேயே போதிய தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது எல்லோருக்குமே நல்லது.

பையன் நாலு பேரோட ஒரே ஃப்ளாட்ல இருக்கான், ரெண்டு பேர் நோன்பாளிங்க. நான் போய் பகல்ல சமைச்சா மரியாதையா இருக்குமா?

சமைக்கலாம். முந்தைய பதிலில் சொன்னது போல வீடு பொது இடமன்று. ஆனாலும் சமையலறை ஒன்றாக இருக்கும்போது, கருவாடு வறுப்பது, பிரியாணிக்குத் தாளிப்பது போன்ற வாசனை வேலைகளை மாலைக்கு ஒத்திவைப்பது நல்ல பழக்கம். விடியலுக்கு முன் அவர்கள் ஸஹர் உணவுக்கு எழுவார்கள், பாத்திரச் சத்தம் கேட்கும்; அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். மாலையில் இரண்டு வடையோ ஒரு பாத்திரம் பாயசமோ செய்து நீட்டினால் அந்த வீட்டில் உங்களுக்குத் தனி மதிப்பு வந்துவிடும்.

சாயங்காலம் சின்னப் பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு வந்து கதவைத் தட்டுனாங்க. என்ன கொடுக்கணும்?

மிட்டாயும் கடலை, பாதாம் போன்ற பருப்புகளும் போதும். அமீரகத்தில் ஹக் அல் லைலா என்ற பெயரில் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாத நடுவிலும், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் ரமலான் மாத நடுவிலும், குழந்தைகள் பூவேலை செய்த உடையணிந்து பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். இதற்கு அரசு விடுமுறை கிடையாது. அடுக்குமாடிகளில் எப்போதாவதுதான் பார்க்கலாம். உள்ளூர் அரபுக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் அதிகம்.

பெருநாள் அன்னைக்குக் கடை, பஸ் எல்லாம் இருக்குமா?

பேருந்தும் மெட்ரோவும் ஓடும். வணிக வளாகங்களும் திறந்திருக்கும், ஆனால் சிறு கடைகள் காலையில் பூட்டியிருக்கும். பணமாற்றுக் கடை, மருந்துக் கடை வேலைகளை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். அரசு அலுவலகங்கள் முழு விடுமுறையில் இருக்கும். பெருநாள் தொழுகை சூரியன் உதித்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். தொழுகைத் திடலைப் பார்க்க விரும்புகிறவர் இருட்டில் எழுந்து கிளம்ப வேண்டும். எட்டு மணிக்குப் போனால் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.

மகனோட முதலாளி அரபுக்காரர், பெருநாளுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கார். ஊட்டிச் சாக்லேட்டும் வர்க்கியும் கொண்டு போகட்டுமா?

கொண்டு போகலாம், நீலகிரித் தேயிலையும் நல்ல பரிசு. சாக்லேட்டை வாங்கும்போது மட்டும் ஒவ்வொரு வகையையும் கேட்டு வாங்குங்கள். ஊட்டிக் கடைகளில் ரம் சேர்த்த உலர்திராட்சைச் சாக்லேட்டும் மற்றவற்றோடு கலந்து விற்கப்படுகிறது. ஒரு முஸ்லிம் வீட்டுக்கு அதைப் பரிசாகக் கொடுப்பது பெரும் சங்கடம், சில நாடுகளில் சுங்கத்திலேயே சிக்கலாகும். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: குருமாவுக்கு ஆகுமே என்று கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள். சமையலுக்கு என்ற விளக்கம் அங்கே செல்லாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூடத்தில் அமர வேண்டியிருக்கலாம். பெண்களுக்கு ஆண்கள் தாமாகக் கை நீட்டுவதில்லை; அவர்கள் நீட்டினால் கொடுக்கலாம், இல்லையேல் நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொன்னால் போதும். பேரீச்சம்பழமும், ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்ற காப்பியும் வரும். கைப்பிடி இல்லாத சிறு கிண்ணத்தில் கால்பங்குதான் ஊற்றுவார்கள். அதை வலது கையால் வாங்கிக் குடித்துவிட்டு நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக இருபுறமும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ஐந்தாறு கிண்ணம் குடித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள் உண்டு. அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஈதிய்யா என்ற பெயரில் புது நோட்டு கொடுப்பது வழக்கம்; வெளிநாட்டு விருந்தாளியிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, கொடுத்தால் மகிழ்வார்கள்.

பக்ரீத் சமயத்துல தெருவுல ஆடு அறுப்பாங்களாமே, குழந்தையைக் கூட்டிட்டுப் போறோம்.

அமீரகத்தில் அந்தக் கவலை வேண்டாம். குர்பானியை நகராட்சியின் அறுப்புக் கூடங்களில்தான் கொடுக்க வேண்டும். தெருவிலும் வீட்டிலும் அறுப்பது தடை செய்யப்பட்டது. இறைச்சி வீட்டுக்கு வந்த பிறகு உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிட்டு அனுப்புவார்கள். உங்கள் கதவுக்கும் ஒரு பங்கு வரலாம். உண்ணாதவர் என்றால் நன்றி சொல்லி, உண்ணும் பழக்கமில்லை என்று நேராகச் சொல்லிவிடலாம்.

குழந்தைகளை நினைத்தால் வெயிலைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். 2025-இல் ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே ஜூன் 6-இல் வந்தது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கே தடை விதிக்கப்படுகிறது என்பதிலிருந்து அந்தப் பருவத்தை ஊகித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நகர்வினால் 2030 வாக்கில் இப்பெருநாள் ஏப்ரலுக்கு வந்துவிடும்.

எல்லா முஸ்லிம் பண்டிகைக்கும் ஈத் முபாரக் சொல்லலாமா?

இரண்டு பெருநாள்களுக்கும் சொல்லலாம். ரமலான் மாதத்தில் "ரமலான் கரீம்" அல்லது "ரமலான் முபாரக்" என்பது வழக்கம். முஹர்ரம் பத்தாம் நாளுக்கு வாழ்த்துச் சொல்லக் கூடாது. ஷியா முஸ்லிம்களுக்கு அது கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதன் துக்க நாள். பஹ்ரைனிலும் ஈரானிலும் கறுப்புக் கொடிகளையும் ஊர்வலங்களையும் காணலாம். விடுமுறை என்றாலே கொண்டாட்டம் என்று எண்ணிக்கொண்டு வாழ்த்து அட்டையோடு போய்விட வேண்டாம்.

தேசிய நாள் பார்க்கணும்னு ஆசை. எந்த நாட்டுல நல்லா இருக்கும்?

அமீரகம் என்பேன். 1971 டிசம்பர் 2 அன்று ஆறு ஆட்சிப் பகுதிகள் ஒன்றிணைந்து அந்நாடு உருவானது. ஏழாவதான ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில் சேர்ந்தது. டிசம்பரில் வெயிலும் தணிந்திருக்கும், கார்களிலும் கட்டடங்களிலும் கொடி பறக்கும், இரவில் வாணவேடிக்கை இருக்கும். கத்தாருக்கு டிசம்பர் 18, பஹ்ரைனுக்கு டிசம்பர் 16, குவைத்துக்கு பிப்ரவரி 25-உம் 26-உம். கூட்டத்தில் பிறர் குடும்பத்தை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். அமீரகத்தில் அது சட்டப்படியே குற்றம்.

நாங்க இந்துக்கள். அங்கே தீபாவளி கொண்டாட முடியுமா? கிறிஸ்துமஸுக்குச் சர்ச் இருக்குமா?

முடியும். அமீரகத்தில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அரசு விடுமுறை கிடையாது. டிசம்பர் 25 வார நாளில் வந்தால் அது வேலை நாள்தான். ஆனால் கோயிலும் தேவாலயமும் உண்டு. துபாயின் ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் பெரிய இந்துக் கோயில் திறக்கப்பட்டது. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் சுவாமி நாராயண் கோயில் திறக்கப்பட்டது. தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பதிவு கேட்பார்கள். துபாயின் ஊத் மேத்தாவில் உள்ள புனித மரியன்னை தேவாலயத்தில் விழா நாள்களில் பல மொழிகளில் திருப்பலி நடக்கும். மஸ்கட்டிலும் மனாமாவிலும் பழைய இந்துக் கோயில்கள் இருக்கின்றன. சவூதியில் கோயிலோ தேவாலயமோ இல்லை. வழிபாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோலம், விளக்கு, பலகாரம் எல்லாம் வீட்டில் தடையின்றிச் செய்யலாம். பட்டாசு மட்டும் கூடாது; அமீரகத்தில் உரிமமில்லாத பட்டாசுக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. நம் தேவாலயங்களிலிருந்து போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துண்டுப் பிரசுரங்களைக் கொண்டு போகாதீர்கள். வழிபடத் தடையில்லை, பிற மதப் பிரசாரத்துக்குத் தடை உண்டு.

சவூதி விசிட் விசா இருக்கு. ஹஜ்ஜு சமயத்துல போனா மக்காவையும் பார்த்துட்டு வந்துடலாமா?

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மக்காவுக்குள் எந்தக் காலத்திலும் அனுமதி இல்லை. முஸ்லிம்களும் ஹஜ்ஜுக் காலத்தில் விசிட் விசாவை நம்பி மக்காவுக்குப் போக முடியாது. ஹஜ்ஜுக்கென்று தனி விசாவும் அனுமதிச் சீட்டும் வேண்டும். 2025-இல் அனுமதியின்றி ஹஜ்ஜு செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் அறிவித்திருந்தார்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பள்ளிவாசலின் அழகைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேறு வழிகள் உள்ளன. அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலை இணையத்தில் முன்பதிவு செய்து எல்லா மதத்தவரும் பார்க்கலாம். மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் சனி முதல் வியாழன் வரை காலை 8 மணி முதல் 11 மணி வரை பிற மதத்தவருக்கு அனுமதி உண்டு. ரமலானிலும் பெருநாள்களிலும் பார்வை நேரம் மாறும் என்பதால் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீர்னு மூணு நாள் எல்லாத்தையும் மூடிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அது என்ன லீவு?

ஆட்சியாளர் மறைந்தால் அப்படி நடக்கும். 2022 மே 13 அன்று அமீரக அதிபர் ஷேக் கலீஃபா பின் சாயித் காலமானபோது 40 நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. அமைச்சகங்களும் தனியார் நிறுவனங்களும் மூன்று நாள் மூடப்பட்டன. 2020 ஜனவரியில் சுல்தான் காபூஸ் மறைந்தபோது ஓமனிலும் இப்படியே. துக்க நாள்களில் இசை நிகழ்ச்சிகள் நிறுத்தப்படும். இதற்கு முன்கூட்டியே எதுவும் செய்ய முடியாது. பயணக் காப்பீடு எடுத்து வைத்திருங்கள்.

விசா முடியற தேதி பெருநாள் லீவுக்குள்ள விழுது. ஆபீஸ் திறந்த பிறகு போனா போதாதா?

போதாது. அலுவலகம் மூடியிருப்பதால் விசாவின் நாள் நீளாது. அமீரகத்தில் தவணை கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். இணையவழிச் சேவை விடுமுறையிலும் இயங்கும் என்றாலும், ஏதாவது ஆவணம் குறைந்தால் விளக்கம் கேட்க ஆள் இருக்காது. இரண்டாம் கேள்வியில் சொன்னபடி பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போகவும் கூடும் என்பதால், நீட்டிப்பு வேண்டுமென்றால் நோன்பின் மூன்றாவது வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

நான் அங்கே நோன்பு ஆரம்பிச்சுட்டு நடுவுல ஊருக்கு வர்றேன். இங்கே ஒரு நாள் பிந்துதே, எத்தனை நோன்பு நோற்கணும்?

தமிழ்நாட்டில் பிறையைத் தலைமை காஜி அறிவிக்கிறார். வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறை அறிவிக்கப்படுகிறது. 2025-ஐ வைத்தே கணக்குப் பாருங்கள். அமீரகத்தில் மார்ச் 1 அன்று நோன்பு தொடங்கி மார்ச் 30 அன்று பெருநாள். இங்கே மார்ச் 2 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று பெருநாள். அங்கே தொடங்கி இங்கே முடித்தவருக்கு 30 நோன்பு ஆயிற்று, சிக்கல் இல்லை. இங்கே தொடங்கி அங்கே போனவருக்கு 28 நோன்போடு பெருநாள் வந்துவிடும். இருக்கும் ஊரோடு சேர்ந்து பெருநாள் கொண்டாடிவிட்டு, மாதம் 29 நாளுக்குக் குறையாது என்பதால் ஒரு நோன்பைப் பிறகு நோற்க வேண்டும் என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் சொல்வது. இரு இடத்திலும் மாதம் 30 நாளாகிவிட்டால் அங்கிருந்து வருகிறவருக்கு 31 நோன்பும் வரலாம். அதற்கு உங்கள் ஜமாஅத் இமாமிடம் கேட்டுக்கொள்வது முறை.

பெருநாள் தொழுகையும் இதே போலத்தான். அந்த ஆண்டு துபாயில் மார்ச் 30 அன்று தொழுதுவிட்டு இரவு விமானத்தில் ஏறியவருக்கு மறுநாள் கோயம்புத்தூரில் இறங்கியதும் இன்னொரு பெருநாள் காத்திருந்தது. மார்ச் 31 விடியலில் இங்கே தொழுகைக்கு முன்பே விமானம் ஏறியவருக்கோ, அங்கே போய் இறங்கும்போது பெருநாளின் இரண்டாம் நாள். குடும்பத்தோடு பெருநாள் கொண்டாடத்தான் போகிறீர்கள் என்றால், சீட்டில் உள்ள தேதியை அங்கே எதிர்பார்க்கப்படும் பெருநாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்குள்ள நாட்காட்டியோடு ஒப்பிடாதீர்கள்.